மூன்று தரம் கேட்டேன்

அந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் அம்மா. டீ டம்ளரை அதன்மேல் வைத்தால் அட்டையில் வளையம் விழுந்துவிடும். சமையல் புத்தகம்தான், ஆனால் இத்தனை வருஷமாக ஒரு சொட்டு எண்ணெய் படாமல் வைத்திருந்தேன். சமைக்காத சமையல் புத்தகத்தில் எண்ணெய் எப்படிப் படும் என்பீர்கள். அதுவும் நியாயம்தான். சாப்பாட்டுப் பொட்டலம் வேண்டாம், எனக்குப் பசியில்லை.

பழைய பேப்பர் கடையில் எடைக்குக் கிடந்ததை வாங்கினேன். ஒரு பெரிய நகரத்துக்குப் பிழைக்க வந்த பல தேசத்துப் பெண்கள் ஆளுக்கொரு சமையல் சொல்லியிருப்பார்கள். பக்கத்துக்குப் பக்கம் சொன்னவளின் போட்டோ. ஒருத்தி ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவள், இன்னொருத்தி தையல் மெஷினில் குனிந்து குனிந்தே கூன் விழுந்தவள். வரும்போது கையில் ஒன்றுமில்லை, கைப்பக்குவம் மட்டும்தான் கூட வந்தது என்று எல்லோரும் ஏதோ ஒரு விதத்தில் சொல்லியிருப்பார்கள். நானும் ஒற்றைப் பெட்டியோடு ஒரு வீட்டுக்குப் பிழைக்க வந்தவள்தானே. மத்தியானம் வேலை ஓய்ந்ததும் அவர்களோடுதான் உட்கார்ந்திருப்பேன். எனக்கு வேறு சிநேகிதம் கிடையாது.

அந்த வீட்டு அடுப்பு என் நாத்தனாருடையது. கல்யாணம் செய்துகொள்ளாமல் தம்பியை வளர்த்து ஆளாக்கியவள். அதை நான் மறுக்கவில்லை. அந்தத் தம்பி, என் வீட்டுக்காரர், லாரி ஓட்டுகிறவர். லோடு ஏற்றிக்கொண்டு போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. ஆகவே வீட்டில் நாங்கள் இருவர்தான். அவள் வேகவைப்பாள், உப்புப் போடுவாள், இறக்குவாள். வெங்காயம்கூட அவளிடம் கேட்டுக்கொண்டுதான் உள்ளே வரும்.

அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் "வேணுமா?" என்று மூன்று தரம் கேட்பாள். புதுசாக வந்த கூச்சத்தில் நான் வேண்டாம் என்பேன். நம் பக்கத்தில் யார்தான் முதல் வார்த்தையிலேயே வேணும் என்பார்கள்? மூன்றாவது தரம் ஆனதும் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிடுவாள். "மூணு தரம் கேக்குறது மரியாதை. அதுக்கு மேல கேட்டா கெஞ்சுறதும்மா" என்பாள். வயிற்றில் பிள்ளையோடு, மசக்கையில் கிடந்தபோதும் அப்படித்தான். அந்தப் பிள்ளை தங்கவில்லை. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதீர்கள், டாக்டர் வேறு காரணம்தான் சொன்னார்.

ஒரு தரம் அவள் வெளியே போயிருந்தபோது புத்தகத்தைப் பார்த்து, பூண்டை வதக்கி ஒரு மீன் குழம்பு வைத்தேன். திரும்பி வந்தவள் திட்டவில்லை. ஜன்னல்களையெல்லாம் திறந்தாள், குழம்பைச் சட்டியோடு எடுத்துப்போய்ச் சாக்கடையில் கொட்டினாள். "ஊர் பேர் தெரியாததையெல்லாம் இங்க வேகவைக்காத" என்றாள். என் வீட்டுக்காரர் அன்று வீட்டில்தான் இருந்தார். செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார், வெகுநேரம்.

வேண்டாம் அம்மா, பொட்டலத்தைப் பிரிக்க வேண்டாம். சொல்லி முடித்துவிடுகிறேன்.

போன மழையில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போயிற்று. வீட்டுக்கு வரும் நர்ஸ், நல்ல பெண், "மசிச்சு, காரமில்லாம, கரண்டியால ஊட்டுங்கக்கா" என்றாள். சத்துமாவு டப்பா ஒன்றும் கொடுத்தாள். நீங்கள் மேசையில் வைத்திருக்கிறீர்களே, மூடி திறக்காதது, அதுதான். டப்பாவைக் கரைத்துக் கொடுப்பதெல்லாம் ஒரு சமையலா? அடுப்பு முதல்முறையாக என் கைக்கு வந்திருந்தது. புத்தகத்தின் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன்.

சும்மா சொல்லக்கூடாது, ஒவ்வொன்றும் அருமையாக வந்தது. இலையில் சோற்றையும் கறியையும் வைத்துச் சுருட்டி அவிப்பது, ஊறவைத்த மிளகாயை அரைத்துப் போட்ட ஆட்டுக்கால், புளித்த மாவில் தட்டிச் சுட்ட ரொட்டி. சுருட்டியதை எப்படி மசிப்பது? சுருட்டுவதில்தான் எல்லாம் இருக்கிறது என்று சொன்னவளே சொல்லியிருக்கிறாள். போட்டோவில் இருப்பதுபோலவே தட்டில் அடுக்கிக் கட்டிலுக்குக் கொண்டுபோவேன். நர்ஸ் ஒரு நாள் பார்த்துவிட்டு, "அம்மாடி, உங்க நாத்தனார் குடுத்து வெச்சவங்க" என்றாள். அதன் பிறகு அவள் பிரசவத்துக்குப் போய்விட்டாள். பதிலுக்கு யாரும் வரவில்லை.

"வேணுமா அக்கா?" என்று கேட்பேன். மூன்று தரம். பேச்சு வராதவளிடம் கேட்டால் என்ன பதில் வரும் என்று முறைக்கிறீர்கள். தலை ஆடும் அம்மா. வாசனை பிடிக்காமல் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். போகப் போகத் திருப்பவில்லை, தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்ப்பதைச் சம்மதம் என்று நானாக எப்படி எடுத்துக்கொள்வது? தண்ணீர் கொடுத்தேன். துணி மாற்றினேன். முதுகில் புண் வராமல் புரட்டிப் போட்டேன். பிறகு கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து நான் சாப்பிட்டேன். தனியாகச் சாப்பிடாதீர்கள் என்று புத்தகத்துப் பெண்கள் அடிக்கடி சொல்வார்கள்.

என் வீட்டுக்காரர் போனில், "அக்கா சாப்பிட்டாங்களா?" என்பார். "கொண்டுபோய் வெச்சேன், கேட்டேன், வேண்டாம்னுட்டாங்க" என்பேன். "அது எப்பவுமே பிடிவாதம்" என்று சிரிப்பார். நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை, பாருங்கள். புரட்டும்போது அவள் நாளுக்கு நாள் லேசாகிக்கொண்டு வந்தாள். எனக்கும் முதுகு வலி, அதனால் சௌகரியமாகத்தான் இருந்தது.

இல்லை, இப்போதும் பசியில்லை.

கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். அதில் பெரிதாக ஒன்றுமில்லை. தானியத்தை வறுத்துப் பொடித்துப் பாலில் காய்ச்சிய கூழ். வயசான ஒருத்தி சொன்னது. தன் அம்மா படுத்துக் கிடந்தபோது அதைத்தான் ஊட்டினாளாம். "படுத்திருப்பவர்கள் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். பத்துத் தரமானாலும் கேளுங்கள்" என்று அடியில் போட்டிருக்கும். நோயாளிக்குத் தோதானது கடைசிப் பக்கத்தில் இருக்கிறது என்று எனக்கு முதல் நாளே தெரியும். அந்தப் புத்தகம் எனக்கு மனப்பாடம். வரிசையைக் குலைக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

பக்குவமாகக் காய்ச்சி, ஆற்றிக் கொண்டுபோனேன். கேட்டேன். அவள் வாய் அசைந்ததுபோல் இருந்தது, ஒன்றும் வரவில்லை. இரண்டாவது தரமும் கேட்டேன். மூன்றாவது தரமும் கேட்டேன். கரண்டியைக் கிண்ணத்துக்குள் வைத்தேன். அப்போதுதான் அவள் வாயைத் திறந்தாள். நன்றாகவே திறந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கம் இறங்கியது. திறந்தபடியே வைத்திருந்தாள்.

நான் கேட்டு முடித்திருந்தேன்.

வழித்துச் சாப்பிட்டேன். உப்பு ஒரு கல் கூடுதல், மற்றபடி நன்றாக வந்திருந்தது. விடியும்போது அவள் இல்லை. வாய் மூடவில்லை, நான்தான் துணியால் கட்டினேன்.

பட்டினி போட்டாயா என்றால், போட்டேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்று சொல்கிறேன் அம்மா. காலையிலிருந்து வேண்டாம், வேண்டாம் என்கிறேன். நீங்கள் இப்போது நாலாவது தரமாகப் பொட்டலத்தை என் பக்கம் தள்ளுகிறீர்கள், "ஒரு வாய் சாப்பிடும்மா" என்கிறீர்கள்.

மூன்றுக்கு மேலும் கேட்கலாம் என்று எனக்கு யாருமே சொல்லித்தரவில்லை.