பாலத்தின் உயரம்

வண்டி சமமாக நிற்காவிட்டால் உள்ளே இருக்கும் ஃப்ரிட்ஜ் ஒழுங்காக ஓடாது. பலருக்கு இது தெரிவதில்லை. பால் திரிந்த பிறகு ஃப்ரிட்ஜைத் திட்டுவார்கள். நான் எங்கே நிறுத்தினாலும் முதலில் ரசமட்டத்தைத்தான் எடுப்பேன். சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுப்பது என் மனைவி வீப்கேயின் வேலை. மழையென்றால் நனைவாள். நான் உள்ளே உட்கார்ந்து குமிழியைப் பார்த்துச் சொல்வேன். யாராவது ஒருவர் குமிழியைப் பார்த்துத்தானே ஆக வேண்டும்?

நீங்கள் இளம் வயது அதிகாரி. வீட்டுவண்டியில் வாழ்ந்திருக்க மாட்டீர்கள். அதனால் விளக்கமாகவே சொல்கிறேன்.

என் பெயர் ஒக்கோ. ஜெர்மனியில், ஆவுரிக் நகராட்சியில் கட்டட ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் நார்வே நாட்டின் வடகோடியான நோர்ட்காப் வரை வண்டியிலேயே போய் வருவதென்று நாங்கள் முடிவு செய்தோம். அதாவது, நான் சொன்னேன்; வீப்கே மறுக்கவில்லை. மறுத்தாள்தான். ஆனால் வண்டி வாங்கிய பிறகு மறுத்தாள். அதைக் கணக்கில் சேர்க்க முடியாது.

சுவீடன் முழுக்க மழை. துவைத்த துணி காயவில்லை. ஒருவர் புரண்டு படுத்தால் வண்டியே ஆடியது. வழிகாட்டும் கருவி எங்களை ஒரு மரம் வெட்டும் பாதையில் கொண்டுபோய் விட்டது. திரும்ப இடமில்லாமல் பின்பக்கமாகவே வெளியே வந்தோம். வீப்கே வண்டிக்குப் பின்னால் நின்று கைகாட்டினாள். அவள் கைகாட்டுவது யாருக்கும் புரியாது. விளக்கு உடைந்தது.

“அந்தக் கருவிக்காரி சொன்னா ஆத்துக்குள்ளகூட வண்டிய எறக்குவ. கட்டினவ கத்தினா மட்டும் உன் காது அடைச்சுக்கும்” என்றாள்.

“அவ கத்துறதில்லையே” என்றேன்.

கழிவறைத் தொட்டியைக் காலி செய்யும் முறை வந்தபோதும் பேச்சு வளர்ந்தது. “இத்தன வருஷம் உன்கூட குப்பை கொட்டினது பத்தாதுன்னு, இப்ப இதையும் நானே கொட்டணுமா, ஒக்கோ?” என்று கேட்டாள். நான் கையுறையை எடுத்து நீட்டினேன். அவளே கொட்டினாள்.

பிறகு ஒருநாள் பல்வலி என்றாள். மறுபேச்சில்லாமல் நகரத்துக்குத் திருப்பினேன். ஓர் ஓட்டலைக் கண்டதும் நிறுத்தச் சொல்லி இறங்கிச் சிரித்தாள்.

“பல்லும் வலிக்கல, ஒண்ணும் வலிக்கல. கோணலில்லாத கட்டில்ல ஒருதடவ நிம்மதியாப் படுக்கணும்போல இருந்துச்சு.”

கோணல் என்ற சொல் என்னைப் புண்படுத்தியது. ரசமட்டம் வைத்துப் பார்த்த கட்டில் அது.

நார்வேக்குள் வந்தபின் ஒரு காலை, எங்கள் ஊர் வழக்கப்படி தேநீர்க் கோப்பையில் முதலில் கற்கண்டைப் போட்டவள் தேநீரை ஊற்றாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வண்டியைக் கிளப்பிய கொஞ்ச நேரத்தில், “நெஞ்சுல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்கு. இடது கை கடுக்குது” என்றாள்.

“இன்னிக்கு நெஞ்சா? பல்லு என்ன ஆச்சு?”

“விளையாடாத ஒக்கோ. சத்தியமா முடியல.”

ஆஸ்பத்திரிக்கு அம்புக்குறி போட்ட பலகை வந்தது. நான் திருப்பினேன். அதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். அந்தச் சாலை ஒரு ரயில் பாலத்துக்கு அடியில் போகிறது. மூன்று மீட்டர் இருபது என்று பாலத்தில் எழுதியிருந்தது. வண்டியை நிறுத்தினேன்.

“இதுல நம்ம வண்டி போகாது” என்றேன்.

“கூரை போனாப் போகட்டும்.”

வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத வண்டியைப் பற்றி அவள் சொன்னது இது. அடுத்த ஆஸ்பத்திரி போகிற வழியில்தான் இருக்கிறது என்றேன். சரியென்று தலையாட்டினாள். அளவு விஷயத்தில் அவள் எப்போதும் என்னை நம்புவாள். ஆம்புலன்ஸைக் கூப்பிடக் கைப்பேசியைக் கேட்டாள். அது என் பக்கத்துக் கதவில் சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தது. எங்கள் மகள் இம்கே அதில் அழைத்தபடி இருந்தாள். வண்டி ஓட்டும்போது கைப்பேசியைத் தொடுவது உங்கள் நாட்டிலும் குற்றம். நான் தொடவில்லை.

நேற்று வண்டியை அளந்தீர்களாம். வீண் சிரமம், என்னைக் கேட்டிருக்கலாம். இரண்டு மீட்டர் தொண்ணூற்றைந்து. முன்கண்ணாடிக்கு மேலே நானே எழுதி ஒட்டியிருக்கிறேன். பாலத்துக்கு அடியில் தாராளமாகப் போயிருக்கும். அது அப்போதே எனக்குத் தெரியும். அவள் உதடு நீலமாகியிருந்ததையும் பார்த்தேன். ஆனால் ஆஸ்பத்திரியில் சேர்த்தால் இம்கே விமானத்தில் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். பயணம் அத்தோடு நின்றுவிடும். இவ்வளவு தூரம் வந்து வடகோடியைப் பார்க்காமல் திரும்பினோமே என்று பிற்காலத்தில் வீப்கேதான் வருந்துவாள்.

ஒரு சுரங்கப் பாதைக்குள் நுழைந்தபோது முனகிக்கொண்டிருந்தாள். வெளிச்சத்துக்கு வந்தபோது முனகல் இல்லை. தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன் என்றால் நீங்கள் நம்பக்கூடும். நான் அப்படி நினைக்கவில்லை. அவளுடைய சீட் பெல்ட்டை இறுக்கிவிட்டு ஓட்டினேன். அன்றும், மறுநாளும். கட்டைகளை நானே வைத்தேன். அது அவ்வளவு கடினமான வேலையில்லை, அவள்தான் பெரிதுபடுத்திக்கொண்டிருந்தாள்.

வடகோடியில் மூடுபனி. கடலே தெரியவில்லை. ஆனாலும் அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தேன். பக்கத்து வண்டிக்காரர்கள் காப்பிக்குக் கூப்பிட வந்தார்கள். அவளைப் பார்த்துவிட்டு உங்களுக்குச் சொன்னார்கள். அவர்கள் செய்ததும் சரிதான்.

கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இந்த வாக்குமூலத்தில் ‘மனைவியை ஏமாற்றினார்’ என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். நோர்ட்காப் வாசலில் சீட்டுக் கொடுக்கும் பையன் “எத்தன பேரு?” என்று கேட்டான். ஒருத்தர் என்றிருந்தால் அவனுக்குத் தெரியவா போகிறது? இரண்டு என்றேன். இரண்டு சீட்டுக்கும் காசு கொடுத்தேன். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.