என் பக்கத்து பிரேக்

வண்டி பழக வருகிறவர்களில் பாதிப்பேர் முதல் நாள் புதுச் செருப்போடு வருவார்கள். நல்ல காரியம் தொடங்குகிறோம் என்ற நினைப்பு. புதுச் செருப்பு மிதியில் வழுக்கும், பழசே போதும் என்று சொல்லித் திருப்பி அனுப்புவேன். டிரைவிங் ஸ்கூல் வைத்துத் தலை நரைத்துவிட்டது சார். பாதி ஊருக்கு நான்தான் மாஸ்டர். உங்கள் ஸ்டேஷன் ஜீப்பை ஓட்டுகிறவரும் என்னிடம் பழகியவர்தான், கேட்டுப் பாருங்கள்.

அவன் பழைய செருப்போடுதான் வந்தான். "மாஸ்டர், வேலை தேடிக்கிட்டிருக்கேன். லைசென்ஸ் இருந்தா எங்கயாவது வண்டி ஓட்டிப் பொழச்சுக்குவேன்" என்றான். எனக்கு அவனைப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. அவனுக்கு என்னைத் தெரியவில்லை. ஊரில் அவனுக்கு மைக்செட் என்று பெயர். பாலத்து மறியலில் ஒலிபெருக்கியைப் பிடித்துக் கத்தியவன் அவன்தான்.

அந்த மறியலில்தான் என் மனைவி இறந்தாள். நெஞ்சு வலிக்கிறது என்றாள். பின்சீட்டில் மகள் மடியில் படுக்கவைத்து, ஆஸ்பத்திரிக்கு நானே ஓட்டிக்கொண்டு போனேன். பாலத்தின் நடுவே கும்பல். குடிதண்ணீர்க் குழாயில் சாயத்தண்ணீர் வருகிறதாம், அதற்காக ரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் வீட்டுக் குழாயிலும் அதே தண்ணீர்தான் வந்தது. நாங்கள் காய்ச்சி வடிகட்டிக் குடித்தோமே தவிர, யார் வழியிலும் போய் உட்காரவில்லை. இப்போது தண்ணீர் நன்றாக வருகிறது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். போலீஸ் வந்து ஒவ்வொருவராகத் தூக்கி வேனில் ஏற்றி முடிப்பதற்குள் அவள் போய்விட்டாள்.

கேஸ் நடந்த அன்று கோர்ட்டில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சின்ன அபராதம், அதோடு கோர்ட் கலையும்வரை ஒரு மூலையில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் தண்டனை. வெயிலில் உட்கார்ந்தவனுக்கு ஃபேனுக்குக் கீழே உட்காரத் தண்டனை. மத்தியானம் அவன் தூங்கியே விட்டான். சாயங்காலம் சிநேகிதர்கள் தோளில் கைபோட்டுக் கூட்டிக்கொண்டு போனார்கள். அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். அரசனின் லட்சணத்தைக் கண்ணால் பார்த்துவிட்டேன். தெய்வத்துக்கு ஆயிரம் வேலை. இவன் சாக வேண்டும் என்று அந்த பெஞ்சிலேயே முடிவு செய்துவிட்டேன். எப்படி என்றுதான் தெரியவில்லை. அப்புறம் அவனே என் வாசலுக்கு வந்து, "மாஸ்டர்" என்றான்.

பழகுகிற வண்டியில் என் பக்கமும் கிளட்சும் பிரேக்கும் உண்டு. இரண்டு பிரேக்கையும் ஒரு கம்பி இணைக்கிறது. என் மிதி இறங்கினால் அவர்கள் பக்கத்து மிதியும் கூடவே இறங்கும். எல்லா மாஸ்டருக்கும் ஒரு வழக்கம் இருக்கிறது. முதலில் சில நாள் நாங்கள்தான் பிரேக் பிடிப்போம். பிறகு ஒருநாள் சொல்லாமல் காலை எடுத்துவிடுவோம். வண்டி குலுங்கி நிற்கும், பழகுகிறவருக்கு வேர்த்துக் கொட்டும், என்னைத் திட்டக்கூடச் செய்வார். அன்றைக்குத்தான் அவர் பிரேக் பிடிக்கக் கற்றுக்கொள்கிறார். அவன் விஷயத்தில் நான் காலை எடுக்கவே இல்லை.

"மிதிக்கக் கூடாதுப்பா. தொடணும், அவ்ளோதான்" என்று சொல்லிக்கொடுத்தேன். அவன் தொடுவான், நான் மிதிப்பேன். அவன் தாமதமாகத் தொட்டாலும் நான் முன்னாலேயே அழுத்தியிருப்பேன். வண்டி பூப்போல நிற்கும்.

"வெண்ணெய் மாதிரி இறங்குது மாஸ்டர்."

"வண்டி ராசி இல்ல, உன் கால் ராசி. சில பேருக்குத்தான் அப்படி அமையும்."

பாராட்டையே கேட்டறியாதவன் போலிருக்கிறது, காது வரை சிவந்தான். மறுநாள் வந்து, "மாஸ்டர் திட்டுவாரான்னு எங்கம்மா கேட்டாங்க. ஒருநாள்கூடத் திட்டினதில்லன்னு சொன்னேன்" என்றான். உண்மைதான். என்னிடம் திட்டு வாங்காமல் வண்டி பழகியவன் அவன் ஒருவன்தான்.

ஒருநாள் அந்தப் பாலத்தின்மேல் ஓட்டச் சொன்னேன். நடுப்பாலம் வந்ததும், "இங்கதானே மறியல் பண்ணீங்க?" என்று கேட்டேன்.

"ஆமா மாஸ்டர். மனு குடுத்துக் குடுத்துக் கை ஓஞ்சுபோச்சு. ரோட்டுல உக்காந்தாத்தான் நாலு பேர் திரும்பிப் பாக்கறாங்க. ஆனா அன்னைக்கு நாங்க யாரையும்..."

"பேச்சு வேணாம். கண்ணு ரோட்டுல இருக்கட்டும்" என்றேன். அவன் பேச்சை நிறுத்திவிட்டு ஓட்டினான். சொன்ன பேச்சைக் கேட்கிற பையன்தான்.

லைசென்ஸ் தேர்வும் என் வண்டியில்தான் நடந்தது. பக்கத்தில் நான், பின்சீட்டில் அதிகாரி. நிற்கச் சொன்ன இடத்தில் எல்லாம் வண்டி அழகாக நின்றது. வேலையும் நானே வாங்கிக் கொடுத்தேன். பெயின்ட் கடை முதலாளி எனக்குப் பழக்கம், டெலிவரி வேனுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். "கண்ண மூடிக்கிட்டு வண்டியக் குடுங்க, நான் பொறுப்பு" என்றேன். இந்த ஊரில் வேறு கடைகளும் உண்டு சார். ஆனால் அந்தக் கடை மேட்டின் உச்சியில் இருக்கிறது. கிளம்பியவுடன் இறக்கம், இறக்கம் முடிகிற இடத்தில் ரயில்வே கேட். காலையில் கேட் மூடினால் லாரிகள் வரிசையாக நிற்கும்.

முதல் நாளே வேன் நிறைய பெயின்ட் டப்பா. கட்டிக்கொடுத்த சோறும் சொல்லிக்கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு என்பார்கள். எனக்கு ஒரு இறக்கத்துக்கு வந்தால் போதும். அவன் நான் சொல்லிக்கொடுத்தபடியே பிரேக்கைத் தொட்டிருக்கிறான், வேன் நிற்காமல் கேட்டில் நின்ற லாரியின் பின்னால் போய் மோதிவிட்டது. ரோட்டில் டயர் தேய்ந்த தடமே இல்லை என்று நீங்களே சொன்னீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த லோடுமேனும் அங்கேயே செத்துப்போனார். அவருக்கும் எனக்கும் எந்தப் பகையும் இல்லை, வருத்தமாகத்தான் இருக்கிறது. இரண்டு வீட்டுக்கும் துக்கம் கேட்கப் போனேன். அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களப் பத்தித்தான் சாமி பேசிக்கிட்டே இருப்பான்" என்று அழுதாள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. என் வீட்டில் அழுத அழுகை அங்கேயும் கேட்டது.

நானாக வந்து சொல்லியிருக்காவிட்டால் உங்களுக்குத் தெரிந்திருக்காது. வேனின் பிரேக்கில் ஒரு குறையும் இல்லை, ஓட்டியவன் கவனக்குறைவு என்று ஃபைலை மூடியிருப்பீர்கள். பேப்பரிலும் விபத்து என்றுதான் போட்டார்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. விபத்து யாருக்கும் நடக்கும் சார். இது தண்டனை. கோர்ட் கொடுக்காததை நான் கொடுத்தேன். அவனை நான்தான் கொன்றேன், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

என் மகளையும் கூப்பிட்டு விசாரித்தீர்கள் என்று கேள்விப்பட்டேன். கார்க் கண்ணாடி விஷயத்தைச் சொல்லியிருப்பாள், அவளுக்கு அது ஒன்றுதான் பேச்சு. நான் மறைக்கவில்லை. அன்று பாலத்தில் அவன் வண்டி வண்டியாக ஓடிவந்து கேட்டுக்கொண்டிருந்தான். எங்கள் கண்ணாடியையும் தட்டினான். "உள்ள யாருக்காவது உடம்பு சரியில்லையா? சொல்லுங்க, வழி விட்டுடறோம்" என்றான். எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு காரை அப்படித்தான் விட்டார்கள். ரோடு என்னுடையது, அதில் போக இவனிடம் அனுமதி கேட்பதா? நான் திரும்பிப் பார்க்கவில்லை. "அப்பா, கண்ணாடிய எறக்குங்க, அம்மாவப் பாருங்க" என்று மகள் கத்திக்கொண்டே பின்சீட்டுப் பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். கண்ணாடிகளையும் கதவுகளையும் பூட்டுகிற பொத்தான் டிரைவர் பக்கம் இருக்கிறது. அவன் இன்னும் இரண்டு தரம் தட்டிவிட்டு, பின்னால் இருந்த வண்டிக்குப் போனான்.

என்ன சொன்னாலும், வழியை மறித்தவன் அவன்தானே சார்.