சூடில்லாத வெளிச்சம்

எல்.இ.டி. விளக்கைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். நீங்கள் விற்றது நல்ல பொருள். பழைய விளக்கில் மங்கலாகக் கிடந்த மீன் தொட்டி, இதை மாட்டிய அன்றே துடைத்துவிட்ட ஜன்னல் மாதிரி ஆகிவிட்டது. அக்கா படுத்தபடியே ஒரு மீனைப் பார்த்துவிட்டு, "இவன் மூஞ்சில இவ்வளவு சிவப்பு இருந்ததாடி?" என்றாள். அவள் அப்படிச் சிரித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

தொட்டியை எடுத்துக்கொண்டு போங்கள் என்று உங்களை நான்தான் கூப்பிட்டேன். ஹீட்டரை வெளியே எடுத்ததும், "என்னம்மா, பிளக்குல கம்பெனி மாட்டின உறையக்கூட கழட்டலையே?" என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்வதற்குள், "மறந்துட்டீங்க போல" என்று நீங்களே சொல்லிவிட்டுத் தண்ணீர் வடிக்கக் குழாயை விட்டீர்கள். நானும் ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் முடிந்திருக்கும். முடியவில்லை. உட்காருங்கள், தண்ணீர் வடிய நேரம் ஆகும்.

அக்கா ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவள். கடைப் படியில் வழுக்கி விழுந்து முதுகெலும்பு போனது. அதன்பின் இடுப்புக்குக் கீழே அசைவில்லை. எங்களுக்கு வேறு மனிதர் கிடையாது. நான் ஒரு பெயின்ட் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். காலையில் அவளைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, பகலுக்குப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போவேன். கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறாள் என்று என்னைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். அது பொய்யும் இல்லை.

தொட்டி அவள் கட்டிலை ஒட்டி இருந்தது. நீங்கள் கொடுத்த ஐந்து டிஸ்கஸ் மீன்களும் சின்னத் தட்டு அளவுக்கு வளர்ந்திருந்தன. ஒன்றுக்கு மாப்பிள்ளை என்று பேர், தீனி என்றால் முதல் ஆளாக வந்து நிற்பான். இன்னொன்று மேனேஜர், ஒரு வேலையும் செய்யாமல் மற்றவர்களை முறைத்துக்கொண்டே சுற்றுவார். எல்லாம் அக்கா வைத்த பேர். அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. மீன்கள் சாப்பிடாமல் அவள் சாப்பிட மாட்டாள். தட்டோடு போய் நின்றால், "முதல்ல அவங்களுக்குப் போடு" என்பாள். அவை தின்று முடிக்கிறவரை பார்த்திருந்துவிட்டு, "ம், முதல் பந்தி முடிஞ்சுது. இப்ப எனக்குக் குடு" என்பாள்.

டாக்டர் ஒருநாள் இதைப் பார்த்துச் சிரித்தார். வாசலில் செருப்பு மாட்டும்போது என்னிடம், "அந்தத் தொட்டியை மட்டும் நல்லா பாத்துக்குங்க. என் மாத்திரையைவிட அதுதான் இவங்களைச் சாப்பிட வைக்குது" என்றார். சரி டாக்டர் என்றேன்.

அதற்குப் பிறகுதான் முதலாளி போன் செய்தார். புதுக் கிளையை நான் பார்த்துக்கொள்ள வேண்டும், ரயிலில் ஒரு ராத்திரிப் பயண தூரம். முன்பும் கேட்டிருக்கிறார், மறுத்திருக்கிறேன். "இந்தத் தடவை யோசிச்சுச் சொல்லும்மா. குளிர் முடிஞ்சதும் திறக்கறோம்" என்றார். நான் யோசித்தேன். அக்காவை ஏதாவது ஒரு விடுதியில் விட மனசு வரவில்லை. நாலு பேர் என்ன பேசுவார்கள் என்ற பயமும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த வாரம் தொட்டியின் பழைய விளக்கு போய்விட்டது. உங்கள் கடைக்கு வந்தேன். எல்.இ.டி. போடுங்கள், கரண்ட் மிச்சம், வருஷக்கணக்கில் உழைக்கும் என்றீர்கள். பிறகு, "ஒண்ணு மட்டும் கவனிங்க. பழைய லைட்டோட சூட்டுலதான் தண்ணி இத்தனை நாள் வெதுவெதுப்பா இருந்திருக்கு. இதுல அந்தச் சூடு வராது. ஹீட்டர் கண்டிப்பா போடணும். தண்ணி ஜில்லுன்னு ஆச்சுன்னா டிஸ்கஸ் முதல்ல தீனியத்தான் நிறுத்தும்" என்றீர்கள். நீங்கள் மீனைத்தான் சொன்னீர்கள். எனக்கு அக்காவின் தட்டு ஞாபகம் வந்தது. ஹீட்டரையும் சேர்த்துக் கட்டித் தரச் சொன்னேன்.

அதை எல்லோர் கண்ணிலும் படும்படி தொட்டிக்குள் ஒட்டவைத்தேன். ஒயரை ஸ்டாண்டுக்குப் பின்னால் விட்டேன். பிளக்கை மாட்டவில்லை. முதல் நாளை மறதி என்று சொல்லிக்கொள்ளலாம். மறுநாளைச் சொல்ல முடியாது. கண்ணாடியில் ஒட்டியிருந்த வெப்பமானிப் பட்டை துடைக்கும்போது உரிந்து வந்தது, நான் திரும்ப ஒட்டவில்லை.

நீங்கள் சொன்னபடியே நடந்தது. மீன்கள் மூலையில் ஒதுங்கின, போட்ட தீனி அடியில் கிடந்து ஊறியது. அக்கா, "அவங்களுக்குப் பசிக்கலையாம். எனக்கும் வேண்டாம்" என்றாள். நான் கெஞ்சினேன், அழுதேன். அந்த அழுகை நடிப்பில்லை. எப்படி என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியவில்லை. மாப்பிள்ளை செத்தபோது நீங்கள் போனில், "ஹீட்டர் ஓடுதில்ல?" என்றீர்கள். வாய் கூசாமல் ஓடுது என்றேன். அப்படியானால் மீனுக்கு நீங்கள் கொடுத்த மருந்தில்தான் ஏதோ தப்பு என்று வருத்தப்பட்டீர்கள். அதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

டாக்டர் குளுக்கோஸ் ஏற்றினார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார். அக்கா மாட்டேன் என்றாள், நான் வற்புறுத்தவில்லை. படுக்கையில் கிடந்து கஷ்டப்படுகிறவளுக்கு இது விடுதலை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒருவேளைகூட அவள் முன்னால் தட்டை நீட்டாமல் நான் இருந்ததில்லை. அதை நினைத்தால்தான் இப்போது சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

கடைசிக்கு முந்தின நாள் சாயங்காலம் அவள் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். "அந்த ஹீட்டர்ல சின்னதா ஒரு சிவப்பு லைட்டு எரியணும்ல?" என்று கேட்டாள்.

நான் அவள் தலையணையைச் சரிசெய்தேன்.

"நாள் பூரா அதைத்தானேடி பாத்துட்டுக் கெடக்கறேன். உங்க முதலாளி போன்ல பேசினதும் கேட்டுது. எனக்குக் கோபம் இல்ல. நீயும் எத்தனை நாள்தான் செய்வ." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஆனா அதுங்க என்னடி பண்ணிச்சு? இன்னும் ரெண்டு இருக்கே. அதுங்களுக்காவது போட்டுவிடு."

பிளக் பாயின்ட் என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. குனிந்தால் போதும். தண்ணீர் சூடானால் அவை தின்னும். அவை தின்றால் அவளும் ஒரு வாய் வாங்கிக்கொள்வாள். அது எனக்கு நன்றாகவே தெரியும். நான் குனியவில்லை. போர்வையை அவள் கழுத்துவரை இழுத்து மூடிவிட்டேன், பாவம், குளிருமே என்று.