பதினெட்டு அங்குல அலமாரிக்கு ஒரு மைக்ரோவேவ்

கடைக்காரர்: ...இதுவும் வேண்டாம், அதுவும் வேண்டாம்னா அப்புறம் எதுதாம்மா வேணும்? இதோட ஆறு மைக்ரோவேவ் இறக்கிக் காட்டிட்டேன்.

மகள்: நான் எதுவும் கேக்கலண்ணா. எங்கம்மாதான் என்னை இழுத்துட்டு வந்தாங்க.

அம்மா: அவ கிடக்கா. தம்பி, அந்த வெள்ளையை இப்படித் திருப்புங்க. கயித்தை வச்சுப் பார்க்கணும்.

கடைக்காரர்: என்ன கயிறு இது, மூணு முடிச்சு போட்டிருக்கு?

அம்மா: முதல் முடிச்சு அகலம். அடுத்தது உயரம். கடைசி முடிச்சு ஆழம். ஹாஸ்டல் ரூம்ல அலமாரி பதினெட்டு அங்குலம். அதுக்குள்ள அடங்கணும்.

கடைக்காரர்: டேப் இருக்கே, தரட்டுமா?

அம்மா: வேண்டாம். தபால் மூட்டை கட்டுற கயிறு, இழுத்தாலும் நீளாது.

கடைக்காரர்: அட! யூனிபார்ம் இல்லாம அடையாளமே தெரியல. நீங்க எங்க தெருவுக்குத் தபால் கொண்டு வர்ற அம்மாதானே? பத்து நாளா வேற ஒருத்தர்—

அம்மா: இது இடிக்குது. அகலம் அரை விரல் ஜாஸ்தி. அடுத்ததை எடுங்க.

மகள்: என்னண்ணா சொன்னீங்க? வேற ஒருத்தரா?

அம்மா: லீவு போட்டிருந்தா வேற ஆள்தான் வருவான். நீ இந்தப் பெட்டியைப் பாரு. அழகா இருக்குல்ல?

மகள்: கறுப்பு. தூசி அப்பிக்கும்.

அம்மா: சரி, சிவப்பு?

மகள்: கண்ணைக் குத்துது.

அம்மா: அந்தச் சாம்பல் கலர்?

மகள்: செத்துப் போன கலர்.

அம்மா: ஆட மாட்டாதவ கூடம் கோணல்னாளாம். ஏண்டி, நீ அதுல சாப்பாட்டைச் சூடு பண்ணப் போறியா, இல்ல கட்டிக்கிட்டுக் கல்யாணத்துக்குப் போகப் போறியா?

கடைக்காரர்: ஹா ஹா... பாப்பா என்ன படிக்கப் போகுது?

அம்மா: பாலம் கட்டுற படிப்பு! மூவாயிரம் பேர் பரீட்சை எழுதி நாப்பது பேருக்குத்தான் இடம். என் பொண்ணு அதுல பதினொண்ணாவது. பதினொண்ணு!

மகள்: அம்மா... கடை முழுக்கக் கேக்குது.

அம்மா: கேக்கட்டுமே. ஊர் முழுக்க மத்தவங்க நல்ல சேதியைத்தான் இத்தனை வருஷமா சுமந்திருக்கேன். என் வீட்டுச் சேதியை ஒரு தடவை சத்தமா சொல்லக் கூடாதா?

கடைக்காரர்: தாராளமா சொல்லுங்கம்மா. ஆனா ஹாஸ்டல்லயே சாப்பாடு போடுவாங்களே, அப்புறம் எதுக்கு இது?

அம்மா: ஏழரைக்குச் சாப்பாட்டுக் கூடம் மூடிடுவாங்க. இவளுக்கு லேப் முடியவே எட்டாகும். ஒரு தட்டுல எடுத்து மூடி வைப்பாங்களாம். ஆறி, அவலாட்டம் கிடக்கும். அதைத் தின்னா இவ ஒரு மாசத்துல ஓடி வந்துடுவா. அதான்.

கடைக்காரர்: அப்போ இந்தக் குட்டிதான் சரி. எழுநூறு வாட். கரண்ட்டே இழுக்காது.

அம்மா: முன்னாடி அப்படித்தான் எழுதியிருக்கும். பின்னாடி திருப்புங்க.

கடைக்காரர்: பின்னாடி எதுக்கும்மா?

அம்மா: முன்னாடி இருக்கறது சாப்பாட்டுக்குப் போற சூடு. பின்னாடி ஸ்டிக்கர்ல இருக்கறதுதான் அது செவுத்துலேருந்து இழுக்கறது. படிங்க.

கடைக்காரர்: ...ஆயிரத்து இருநூறு.

அம்மா: பார்த்தீங்களா! ஆயிரத்து நூறு தாண்டினா உள்ளயே விட மாட்டாங்க. வார்டனம்மா கண்ணாடியைப் போட்டுக்கிட்டுக் குனிஞ்சு பின்னாடி ஸ்டிக்கரைத்தான் பார்ப்பாங்க.

கடைக்காரர்: பத்து வருஷமா இதை விக்கறேன்... என்னையே மடக்கிட்டீங்களே.

மகள்: வார்டன் கண்ணாடி போட்டிருப்பாங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்?

அம்மா: அது... வார்டன்னா கண்ணாடி போடாமயா இருப்பாங்க?

மகள்: அலமாரி பதினெட்டு அங்குலம்னு?

அம்மா: காலேஜ்ல அனுப்பின தாள்ல இருந்துச்சு. தம்பி, இதோட கதவைத் திறங்க. முழுசா. எவ்வளவு தூரம் வருது? ஒரு சாண்... ஒண்ணேகால் சாண். போதும். இடது பக்கம் கட்டில் கம்பி இருக்கு, அதுல இடிக்கக் கூடாது.

மகள்: கட்டில் கம்பியும் தாள்ல இருந்துச்சா?

அம்மா: இருந்துச்சு.

மகள்: அம்மா, அந்தத் தாளை நானும்தான் படிச்சேன்.

அம்மா: நீ மேலோட்டமாப் படிச்சிருப்பே. தள்ளு, டப்பா உள்ள சுத்துதான்னு பார்ப்போம். வீட்லேருந்தே கொண்டாந்திருக்கேன். இங்க வச்சு... மூடி... இந்தத் திருகைத் திருப்பினா—

கடைக்காரர்: அய்யய்யோ! அம்மா, எடுங்க! கையை எடுங்க! பிளக்ல இருக்கு!

அம்மா: ஏன், என்னாச்சு?

கடைக்காரர்: எவர்சில்வர் டப்பாம்மா! இரும்பு, எவர்சில்வர் எதுவும் உள்ள போகக் கூடாது. பொறி பறக்கும். கண்ணாடி, பீங்கான் மட்டும்தான்.

அம்மா: எவர்சில்வர் போகக் கூடாதா? எங்க வீட்ல தம்ளர்லேருந்து குடம் வரைக்கும் எல்லாமே எவர்சில்வர்தானே!

மகள்: வாட் கணக்கெல்லாம் சொன்னே... இது தெரியலையா?

அம்மா: சிரிடி, சிரி. நாலு நாளா உன் மூஞ்சியில சிரிப்பையே காணோம். இதுக்காக இன்னும் ரெண்டு டப்பா வேணாலும் வைப்பேன்.

கடைக்காரர்: வச்சுடாதீங்கம்மா, தாயே! கண்ணாடி டப்பா ரெண்டு நானே சேர்த்துத் தரேன். ...அப்போ இதானே? பின்னாடி ஆயிரத்து ஐம்பது. கயித்துக்குள்ளயும் அடங்குது.

அம்மா: அகலம் சரி... உயரம் சரி... ஆழம்... பின்னாடி காத்து போக மூணு விரல் இடமும் இருக்கு. இதான்! இதையே கட்டுங்க.

மகள்: வேண்டாம்.

அம்மா: என்ன?

மகள்: கனமா இருக்கு. சத்தமும் ஜாஸ்தி. பக்கத்துல படுக்கற பொண்ணுக்குத் தூக்கம் கெடும். அடுத்த மாசம் பார்த்துக்கலாம்மா.

கடைக்காரர்: திங்கட்கிழமை காலேஜ் திறக்குதுன்னாங்களே...

மகள்: அண்ணா, நீங்க கொஞ்சம் பேசாம இருங்க.

அம்மா: அவர் ஏன் பேசாம இருக்கணும்? நான்தானே கேக்க வேண்டியதைக் கேக்காம இத்தனை நேரம் இருந்தேன். கழுவற மீன்ல நழுவற மீனாட்டம் நழுவறியே, உனக்கு என்னதான் பிரச்சனை? மைக்ரோவேவா, காலேஜா?

மகள்: உனக்குத் தெரியாதா?

அம்மா: தெரியாது. சொல்லு.

மகள்: ஆறு மாசம் முன்னாடி நடு ரோட்ல சைக்கிளோட விழுந்தியே, அது பிரச்சனை இல்லையா? சுகர் இறங்கி, கண்ணு சொருகி... கடிதாசு எல்லாம் ரோடு முழுக்கப் பறந்துச்சுன்னு சொன்னாங்க. எனக்கு ஸ்கூலுக்குப் போன் வந்தப்போ நான் எப்படி ஓடி வந்தேன்னு உனக்குத் தெரியுமா?

அம்மா: அதெல்லாம் இப்ப எதுக்கு...

மகள்: இப்பதான்! வெயில்ல நாலு மணி நேரம் மிதிப்பே. வீட்டுக்கு வந்தா சாப்பிட மறந்துடுவே. நான் தட்டைக் கையில குடுத்தாத்தான் உனக்குப் பசியே தெரியும். நான் அஞ்சு மணி நேரத் தூரத்துல உக்காந்துக்கிட்டு எனக்குச் சாப்பாடு சூடா இருக்குதான்னு பார்த்துக்கிட்டு இருக்கணுமா? எனக்குப் பயமா இருக்கும்மா. ரொம்பப் பயமா இருக்கு.

கடைக்காரர்: நான் போய் அட்டைப்பெட்டி எடுத்துட்டு வந்துடறேன்...

அம்மா: நில்லுங்க தம்பி, எங்க போறீங்க? நீங்களே சொல்லுங்க. எத்தனை நாளா உங்க தெருவுக்கு வேற ஆள் வர்றான்?

கடைக்காரர்: அது... பத்து நாளா. ஒல்லியா, மீசை வச்சிருப்பாரு. எங்க நாய்க்கு அவரைக் கண்டாலே ஆகல.

மகள்: லீவுன்னு சொன்னே?

அம்மா: லீவும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் தெருவுக்குப் போறதை விட்டுட்டேன். கவுன்ட்டர்ல உக்காந்துட்டேன்.

மகள்: நீயா? பொய் சொல்லாத. தினமும் காலைல சைக்கிள்லதானே போறே?

அம்மா: ஆபீஸ் வாசல் வரைக்கும்தான். அதுக்கப்புறம் ஃபேனுக்குக் கீழ நாற்காலி. மத்தியானம் ஒரு மணிக்குக் கவுன்ட்டரை மூடிட்டு எல்லாரும் சேர்ந்துதான் சாப்பிடறோம். தபால் மாஸ்டரம்மா என் தட்டைக் காலி பண்ணாம எழுந்திருக்க விடறதில்ல. உன்னை விட மோசம் அந்தம்மா.

மகள்: கவுன்ட்டர்ல உக்காருன்னு சொன்னாலே சண்டைக்குப் போவியேம்மா!

அம்மா: போனேன்தான். இருபத்திரண்டு வருஷம் வெயில்ல மிதிச்சவளை உக்கார வச்சா வலிக்காதா? முதல் நாள் நாற்காலி முள்ளாத்தான் குத்துச்சு. ஆனா எழுதிக் குடுத்தது நானேதான். யாரும் என்னை உக்கார வைக்கல. பொண்ணு பாலம் கட்டப் போறப்போ, அம்மா ரோட்ல விழுந்துட்டாளான்னு அவ யோசிச்சுக்கிட்டு இருக்கக் கூடாது.

மகள்: ஏம்மா... ஏன் இதை என்கிட்ட சொல்லல?

அம்மா: வெக்கமா இருந்துச்சுடி. தெருத் தெருவா சுத்தின ராணி, நாற்காலியில உக்காந்துட்டான்னு எப்படிச் சொல்றது? ஒரு மாசம் பழகட்டும், அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்.

மகள்: ஐயோ... இதை மட்டும் நீ முன்னாடியே சொல்லியிருந்தா நான் அந்த லெட்டரை...

அம்மா: எந்த லெட்டரை?

மகள்: ஒண்ணுமில்ல.

அம்மா: முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காத. எந்த லெட்டர்?

மகள்: அம்மா... திட்டாத. எனக்கு சீட் வேண்டாம்னு காலேஜுக்கு எழுதிட்டேன். செவ்வாய்க்கிழமையே போட்டுட்டேன். அதான் இதெல்லாம் வேண்டாம், வேண்டாம்னு... போகாத காலேஜுக்கு மைக்ரோவேவ் எதுக்கு? இந்நேரம் பிரிச்சுப் படிச்சிருப்பாங்க. நாப்பத்தொண்ணாவதா நின்ன எவளோ என் இடத்துக்கு மூட்டை கட்டிக்கிட்டு இருப்பா. எல்லாம் போச்சும்மா... நானே என் கையால கெடுத்துக்கிட்டேன்.

கடைக்காரர்: அடக் கடவுளே... பாப்பா, அழாதேம்மா. இந்தா, இந்தத் தண்ணியக் குடி.

அம்மா: அழட்டும் தம்பி. நீங்க பெட்டியைக் கட்டுங்க. நல்லா இறுக்கிக் கட்டுங்க, பஸ் மேல போடணும்.

மகள்: அம்மா! நான் சொன்னது காதுல விழுந்துச்சா, இல்லையா?

அம்மா: விழுந்துச்சு. நாலு நாள் கழிச்சு இப்பவாவது வாயைத் திறந்தியே. நீயா சொல்ற வரைக்கும் நான் கேக்கக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். லெட்டரை எங்க போட்டே?

மகள்: மார்க்கெட் பக்கத்துப் பெட்டியில.

அம்மா: ஏண்டி, தபால் ஆபீஸ்ல வேலை பார்க்கறவளுக்குத் தெரியாம ஒரு கடிதாசு போடணும்னா, அவ ஆபீஸுக்கே வந்து சேர்ற பெட்டியிலயா போடுவாங்க? அந்தப் பெட்டியைக் கொட்டி முத்திரை குத்தறது யாரு?

மகள்: ...நீயா?

அம்மா: உன் கையெழுத்து மேசையில குப்புறக் கிடந்தாக்கூட எனக்குத் தெரியும்.

மகள்: பிரிச்சுப் படிச்சியா?

அம்மா: பிரிப்பேனா? இத்தனை வருஷத்துல ஒரு கவரைப் பிரிச்சதில்ல. காலேஜ் விலாசம், நீ என்கிட்ட சொல்லல, உன் மூஞ்சி செத்துக் கிடக்கு. இதுக்கு மேல எதுக்குப் பிரிக்கணும்?

மகள்: அப்போ... எடுத்து வச்சுக்கிட்டியா? அனுப்பலையா?

அம்மா: அதுவும் செய்யல. போட்ட கடிதாசு போய்ச் சேரணும். பெத்த பொண்ணு போட்டாலும் அதே சட்டம்தான். முத்திரை கோணலா விழுந்துச்சு. ஆனா குத்தினேன். நானே மூட்டையில போட்டு வாயைக் கட்டினேன்.

மகள்: அப்போ போயிடுச்சு.

அம்மா: போயிடுச்சு. வியாழக்கிழமை காலைல போய்ச் சேர்ந்துடுச்சு.

கடைக்காரர்: அப்புறம் எதுக்கும்மா என்னை இறுக்கிக் கட்டச் சொல்றீங்க?

அம்மா: கட்டுங்க தம்பி, ஏன்னா நான் புதன்கிழமையே போய்ச் சேர்ந்துட்டேன்! ஆபீஸ்ல தணிக்கைன்னு இவகிட்ட பொய் சொல்லிட்டு, விடியறதுக்குள்ள முதல் பஸ் ஏறி, அந்த அட்மிஷன் அதிகாரி மேசை முன்னாடி உக்காந்துட்டேன். ‘நாளைக்கு என் பொண்ணு கையெழுத்துல ஒரு கவர் வரும் சார், அது அவ மனசு எழுதினதில்ல, பயம் எழுதினது, திங்கட்கிழமை அவ நேர்ல வர்ற வரைக்கும் பிரிக்காம வையுங்க’ன்னு கேட்டேன். ஒரு மணி நேரம் யோசிச்சுட்டு மனுஷன் சரின்னார். அந்தக் கையோட ஹாஸ்டலுக்கும் போய், வார்டனம்மாவைப் பிடிச்சு, உன் ரூமைத் திறக்கச் சொல்லி, அலமாரியில கயித்தைப் பிடிச்சு மூணு முடிச்சும் போட்டுட்டுத்தான் திரும்பினேன்... உன் பதினொண்ணாவது இடம் உன் பேர்லயேதான் இருக்குடி, அந்தக் கவரை அவர்கிட்ட வாங்கி நீயே உன் கையால கிழிச்சுப் போடு.