நாற்பதாவது பெயர்

ஒரு பெருவிரல்தானே, அதில் என்ன குறைந்துவிடப் போகிறது? தன்னைத்தானே கேட்டபடி சுபைறா மைப்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உம்மா இருந்திருந்தால் ‘வை’ என்றிருப்பா. கேட்பது கூடப்பிறந்த மூத்தவர், காக்கா அல்லவா. விரலோ மடியை விட்டு எழவில்லை.

— என்ன புள்ள யோசின? சுறுக்கா வை கா. வரிக்கந்தோர் ஆள் கல்முனை வாடிவீட்டில வந்து நிக்கிறான். நாளைக்கி வெள்ளன சங்கத்துட கணக்குப் பாக்க வந்திருவான்.

— என்னத்துக்கு வைக்கிற எண்டு வாசிச்சுக் காட்டுங்க காக்கா.

— ‘விதவைகள் சகாய சங்கத்துக்கு நேர வந்து, பத்துக் கொத்து அரிசியும் ஒரு சீலையும் கையால வாங்கினன்.’ அவ்வளவுதான். முப்பத்தொம்பது பேர் வெச்சிட்டாங்க. கணக்கில நாப்பது பேர் எண்டிருக்கு, நீதான் நாப்பதாவது.

— முப்பத்தொம்பது பேருக்கும் அரிசி கிடைச்சிச்சா?

— கிடைச்சிருந்தா நான் ஏன் ஒன்ட வாசல்ல வந்து நிக்கிறன்?

— அப்ப அந்த அரிசி?

— தெரிஞ்சிக்கிட்டே கேக்காத. மூணு வண்டில்ல வரிப்பத்தான்சேனைக்குப் போச்சு. சீலையும் போச்சு. எல்லாம் வோட்டுக்கு.

— போயும், ஒங்கட ஆள் தோத்துட்டாரு.

— வெண்டிருந்தா இந்த வரிக்காரன் இந்தப் பக்கம் தலை காட்டுவானா? கேலி பண்ணாத புள்ள. ஏழைக்கெண்டு சொல்லித்தான் சாகாமத்தில இருக்கிற சங்கத்துட வயலுக்கு அரசாங்கம் வரி கேக்காம விட்டிருக்கு. அதில ஒரு நெல்லு எலக்சனுக்குப் போனாலும் குத்தம். சங்கத்த மூடுவான். செயலாளர் நான். என்ன மறியலுக்கு அனுப்புவான்.

— சங்கத்த மூடினா அந்த முப்பத்தொம்பது பேரும்?

— அதத்தானே நானும் சொல்றன்! பட்டினிதான். ஒன்ட புள்ளையளும்தான். மச்சான் மௌத்தான நாளையில இருந்து ஆர் பாக்கிற?

— நீங்கதான். இல்லையெண்டு சொல்லல்ல. ஆனா எலக்சன் மாசம் என்ட மூத்தவள் பாத்தும்மாவ அனுப்பி ரெண்டு கொத்து அரிசி கேட்டன். களஞ்சியம் வெறுசா இருக்கு எண்டு சொல்லி அனுப்பினீங்க.

— வெறுசாத்தான் இருந்திச்சு புள்ள… மன்னிச்சிரு. ஒன்ட காலப் புடிக்கட்டா? இந்தா…

— காக்கா! எழும்புங்க. என்னப் பாவியாக்காதீங்க.

— அப்ப வை கா. என்ட கிளியெல்லா.

— எண்டைக்கு வாங்கினன் எண்டு போட்டிருக்கு?

— எலக்சனுக்கு முந்தின வெள்ளிக்கிழம. மண்டபத்தில.

— அந்த வெள்ளிக்கிழம நான் எங்க இருந்தன்?

— எங்க இருப்பாய்? ஊட்டிலதான்.

— ஊட்டில எங்க?

— ஏன் இப்பிடிக் கேக்கிற?

— உள்ளறையில, வெள்ளச் சீலைக்குப் பின்னால. இத்தா இருந்தன் காக்கா, நாலு மாசமும் பத்து நாளும் வாசல் தாண்டாம. அவர அடக்கி அண்டைக்கு இருவது நாள். அந்தச் சீலையக் கட்டித் தந்ததும் நீங்கதான்.

— யா அல்லாஹ்… பயத்தில நெனவு வரல்லயே. பரவால்ல, அந்த வரிக்காரன் கொழும்பு ஆள். இத்தாவக் கண்டானா, கேக்கவே மாட்டான்.

— புரிசன் மௌத்தாகி இருவதாம் நாள் வாசல் தாண்டி அரிசிக்குப் போனவள் எண்டு, என்ட விரலே சொல்லணுமா?

— ஆர் புள்ள இந்தக் கடதாசிய வாசிக்கப் போறான்? என்ட மானத்தப் பாரு!

— மைய மூடுங்க, காயிது. அவருக்கெண்டு என்னால குடுக்க ஏலுமா இருந்தது அந்த நாலு மாசமும் பத்து நாளும்தான். அதையும் ஒங்கட எலக்சன் செலவில சேக்காதீங்க, காக்கா.