ஹாஜியார் பின்னுக்கு வைத்த நாற்பத்து மூன்று போத்தல்கள்

இன்று 2025 ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை. நேரம் காலை பத்து இருபது. இந்த மேசையில் இருப்பவை நாற்பத்து மூன்று போத்தல்கள். நாற்பத்திரண்டில் மெழுகு முத்திரை அப்படியே இருக்கிறது. ஒன்றில் உடைந்திருக்கிறது. உடைத்தவன் நான்.

மேடையில் வீற்றிருக்கும் ஹட்டன் வர்த்தகப் பெருமக்களே, பள்ளிவாசல் நிர்வாகத்தினரே, கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கும் அண்ணன்மார்களே, றொசல்லயிலிருந்தும் வட்டவளையிலிருந்தும் காலை பஸ் பிடித்து வந்திருக்கும் அம்மாமார்களே, மர்ஹூம் மக்பூல் ஹாஜியார் அவர்களின் குடும்பத்தாரே, அனைவருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

என் பெயர் கிஷாந்த். றொசல்ல தோட்டத்தில் பிறந்தவன். கடலியல் படித்தவன். இந்த ஊரில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. தலைவர் எனக்கு ஏழு நிமிடம் தந்திருக்கிறார், ஒன்று போய்விட்டது.

எனக்கு முன் பேசியவர்கள் ஹாஜியாரைப் பொறுமைசாலி என்றார்கள். மன்னிக்க வேண்டும், அது பொய். கருவாட்டு மூட்டையை ஈரத்தரையில் வைத்த ஆளை அவர் ஏசிய ஏச்சு பஸ் தரிப்பிடம் வரைக்கும் கேட்டிருக்கிறது. என்னையும் ஏசியிருக்கிறார். இறந்தவரைப் பற்றி நல்லதைத்தான் பேச வேண்டுமென்றால், அவரிடம் உண்மையாகவே இருந்த நல்லதைப் பேசுவோமே. அதற்கென்ன பஞ்சம்?

2021 கடைசியில் அவர் கடைக்குப் போனேன். ஒரு பல்கலைக்கழகக் குழுவுக்குத் தென்கடலின் நுண்ணுயிர்களை நுணுக்குக்காட்டியில் எண்ணிக் கொடுக்க ஆள் தேவைப்பட்டது. எண்ண நான் இருந்தேன். தண்ணீர் இல்லை. நாலாயிரம் அடி உயரத்தில் உட்கார்ந்துகொண்டு கடலை எண்ணப் போகிறானாம் என்று சிரிக்காதவர் யார்? ஹாஜியார் சிரிக்கவில்லை. அவருடைய லொறி ஒவ்வொரு மாதமும் முதல் வியாழக்கிழமை மாத்தறைப் பக்கம் கருவாடு எடுக்கப் போகும். அவர் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“நெத்தலி ஒரு வருஷம் கொட்டுது, ஒரு வருஷம் இல்ல. ஏன்டு செல்லுவீங்களா தம்பி?”

தெரியாது என்றேன். நெத்தலி தின்பதை அஞ்சு வருடம், அறுபது மாதம் எண்ணினால் ஒருவேளை சொல்லலாம் என்றேன்.

“அப்ப எண்ணுங்க” என்றார். ஒப்பந்தம் அவ்வளவுதான்.

நெத்தலி எதைத் தின்கிறது? கடல் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத தாவர உயிர்கள் மிதக்கின்றன. பிளாந்தன் என்போம். வெயிலில் உணவு தயாரிக்கும். அதைச் சின்ன உயிர் தின்னும், சின்ன உயிரை நெத்தலி தின்னும், நெத்தலியை நாம் சம்பலில் போடுவோம். நம் லயத்துக் கூரைத் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு போகிற தென்மேற்குக் காற்று இருக்கிறதே, அது கடலின் மேல்தண்ணீரைத் தள்ளிவிடும். அடியிலிருந்து குளிர்ந்த, சத்துள்ள தண்ணீர் மேலே வரும். உரம் போட்ட தேயிலை மலை மாதிரி. அப்போது டயட்டம் என்ற கண்ணாடி ஓட்டு உயிர்கள் மளமளவென்று பெருகும். எண்ணிக்கை கூடும், ஆனால் இரண்டு மூன்று வகைதான் எல்லா இடத்தையும் பிடித்துக்கொள்ளும். காற்று ஓய்ந்து தண்ணீர் சூடானால் சத்துக் குறையும், உயிர்களும் குறையும், ஆனால் சிறியவை பல வகை தலைகாட்டும். பாடம் இவ்வளவுதான்.

ஹாஜியாரின் வேலை என்ன? கரையிலிருந்து பத்து மைல் போகும் ஒரு படகுக்காரரிடம் போத்தல் கொடுத்து, தண்ணீர் எடுத்து, வெப்பநிலையைச் சீட்டில் எழுதி, உயிர்கள் கெடாமலிருக்க அயடின் விட்டு அனுப்புவது. எத்தனை துளி என்று லொறிக்காரர்கள் கேட்டார்கள். பால் விடாத பிளேன்டீ நிறம் வரும்வரை என்றேன். மலைநாட்டு லொறிக்காரனுக்கு அதைவிடத் தெளிவான அளவு உண்டா? ஒரு மாதமும் நிறம் பிழைக்கவில்லை.

2022 ஜூலை ஞாபகம் இருக்கிறதா? டீசல் இல்லை. லொறி கடை வாசலில் சும்மா நின்றது. இந்த மாதம் போத்தல் இல்லை என்று என் பட்டியலில் கோடு போட்டுவிட்டேன். மூன்று நாள் கழித்து, அறுபத்து மூன்று வயது மனிதர், ஹட்டன் ஸ்டேஷனில் ரயிலைவிட்டு இறங்கினார். கையில் பிஸ்கட் டின், அதற்குள் பழைய சாரத் துணியால் சுற்றிய போத்தல். கொழும்புக் கோட்டை போய், மாத்தறை போய், ரயிலில் நின்றபடியே திரும்பி வந்திருக்கிறார். என்னைப் பார்த்து, “கோட்ட அழிங்க” என்றார். இதைச் சேவை என்று சொல்லாமல் வேறெதைச் சொல்வது?

இப்போது நான் எழுந்து நின்றதற்கான காரணத்துக்கு வருகிறேன்.

2023 ஆகஸ்ட் 3ஆம் திகதிப் போத்தல். ஆகஸ்ட் என்றால் காற்றுக் காலம், டயட்டம் குவிந்திருக்க வேண்டும். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் டயட்டம் அங்கொன்று இங்கொன்று. ஆனால் ஐம்பத்தெட்டு வகை, எல்லாம் சூட்டுத் தண்ணீரில் வாழும் சிறிய உயிர்கள். சீட்டில் வெப்பநிலை இருபத்தொன்பது என்றிருந்தது. வழக்கமாக இருபத்தாறு. நான் யோசித்தேனா? இல்லை. நேரே கடைக்குப் போனேன். சனிக்கிழமை, கடை நிறைய ஆட்கள். அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன்: “ஹாஜியார், போத்தல மாத்திட்டீங்க. இது ஏப்ரல்ல மிஞ்சின தண்ணி. ஏமாத்தாதீங்க.”

நாற்பது வருடம் கருவாடு விற்ற மனிதரிடம், அவருடைய தராசுக்கு முன்னால் நின்று, கலப்படம் என்று சொன்னேன்.

அவர் ஏசவில்லை. அன்றைக்கு மட்டும் ஏசவில்லை. உள்ளே போய் இன்னொரு போத்தலைக் கொண்டுவந்து வைத்தார். அதே திகதி, மேலே மெழுகு, படகுக்காரரின் சிங்களக் கையெழுத்து.

“எங்கட யாவாரத்துல, மூட்ட வித்தாலும் அதுல ஒரு கைப்பிடி பின்னுக்கு ஈக்கும். நாளைக்கு யாரும் பிழை சென்னா எடுத்துக் காட்ட. இத எண்ணிப்போட்டு வந்து பேசுங்க.”

முதல் மாதத்திலிருந்தே, எனக்குச் சொல்லாமல், ஒவ்வொரு முறையும் இரண்டு போத்தல் எடுத்திருக்கிறார். எந்த விஞ்ஞானியும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. பட்டம் வாங்கிய எனக்கு அது தோன்றவில்லை.

மூன்று நாள் எண்ணினேன். அதே ஐம்பத்தெட்டு வகை. பிறகு காற்றுப் பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். போத்தலுக்கு முந்திய மூன்று வாரம் தென்கரையில் காற்றே சரியாக இல்லை. குளிர்ந்த தண்ணீர் மேலே வரவில்லை. எந்த உயிர், எத்தனை வகை என்பதைக் கடலின் நிலைதான் முடிவு செய்கிறது; நாள்காட்டியை அது பார்ப்பதில்லை. எங்கள் முழு ஆய்விலும் இதைப் பச்சையாகக் காட்டுகிற மாதிரி அந்த ஒரு போத்தல்தான். அதைத்தான் நான் பொய் என்றேன்.

கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போய், “ரெண்டும் ஒண்ணுதாங்க, ஹாஜியார்” என்றேன். அவர் தலை நிமிராமல் சொன்னார்: “எனக்கு செல்ல வாணாம். அன்டைக்கு கடைல நின்ட ஆக்களுக்கு செல்லுங்க.”

சரி என்றேன். சொல்லவில்லை. வெட்கம். ஏற்கெனவே என் பேச்சை நம்பி, குழுவின் அறிக்கையில் “2023 ஆகஸ்ட் மாதிரி நம்பத்தகாதது” என்று ஒரு வரி போய்விட்டது. அதையும் திருத்தவில்லை. இதோ மூன்றாம் வரிசையில் இருக்கும் அழகம்மா அக்கா அன்று கடையில் இருந்தவர். அதற்குப் பிறகு எங்கே கண்டாலும், “என்னா சார், கடல் தண்ணியிலயே கலப்படம் புடிச்சீங்களே, எங்க தோட்டத்துப் பைப்பையும் கொஞ்சம் பாருங்க” என்பார். எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அந்தச் சிரிப்பு ஹாஜியார் கடை வாசலிலும் கேட்டிருக்கும், இல்லையா? அவர் அடுத்த மாதமும் போத்தல் அனுப்பினார். அதற்கடுத்த மாதமும் அனுப்பினார். இருபத்திரண்டு மாதம் அனுப்பினார்.

ஜூன் 29 மாலை அவர் மவுத்தானார். மறுநாள் அடக்கத்தின்போது மையவாடிக்கு வெளியே நின்றபோது என் மண்டைக்குள் ஓடியது ஜூலைப் போத்தல். இதை ஒளிக்க மாட்டேன். தொடர் அறுந்துவிட்டது என்று நினைத்தேன்.

ஜூலை 4, வெள்ளிக்கிழமை. அவருடைய மகள் ஷாமிலா பரிசோதனைக்கூட வாசலில் வந்து நின்றார். கையில் இரண்டு போத்தல். ஒன்றை என்னிடம் நீட்டினார். மற்றதைத் தரவில்லை.

“வாப்பா இல்லாதது எங்களுக்குத்தானே, கடலுக்கு என்ன? லொறி போச்சு, தண்ணி வந்திச்சு. எண்ணிப்போட்டு கடைக்கு வாங்க. ஆக்கள் ஈக்கிற நேரம் பாத்து வாங்க.”

அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அவரிடம் கேட்டுத்தான் இந்த நாற்பத்து மூன்றையும் இங்கே கொண்டுவந்தேன்.

ஆகவே, அன்று கடையில் நின்றவர்களே, கேட்டுக்கொள்ளுங்கள். மர்ஹூம் மக்பூல் ஹாஜியார் போத்தலை மாற்றவில்லை. ஒரு துளியும் மாற்றவில்லை. பிழை என்னுடையது. அழகம்மா அக்கா, இனிச் சிரிப்பதென்றால் என் பெயரைச் சொல்லிச் சிரியுங்கள்.

நெத்தலிக் கேள்விக்கு விடை இன்னும் முழுதாக இல்லை. ஆனால் இன்று பாதி தெரியும். அந்தப் பாதியில் பெரும் பங்கு உடைந்த மெழுகோடு இருக்கும் இந்தப் போத்தலுக்கு. மீதியும் தெரியவரும், எனக்குச் சந்தேகமில்லை. இரண்டு நிமிடம் கூடுதலாக எடுத்துவிட்டேன். அழ எனக்குத் தெரியாது. செய்யப் போவதை வரிசையாகச் சொல்லிவிட்டு இறங்குகிறேன்.

1. நாளை திங்கட்கிழமை, வேலைக்குப் போகுமுன், குழுவுக்குத் திருத்தக் கடிதம்: “2023 ஆகஸ்ட் மாதிரி நம்பத்தகுந்தது. தவறு எண்ணியவருடையது.” அதன் பிரதி கடைச் சுவரில் ஒட்டப்படும், ஷாமிலா இடம் காட்டினால்.

2. ஆய்வுக் கட்டுரையில் மாதிரி சேகரித்தவர் பெயர் மக்பூல் ஹாஜியார் என்று இருக்கும், என் பெயருக்கு மேலே.

3. வரும் சனிக்கிழமை, கடை நிறைந்திருக்கும் நேரம், தராசுக்கு முன்னால் நின்று இன்று சொன்னதைத் திரும்பச் சொல்வேன். இங்கே வராதவர்களுக்காக.

4. அறுபதில் மீதி பதினேழு மாதம். ஒன்றும் விடுபடாது.

5. ஆகஸ்ட் 7, வியாழக்கிழமை, லொறியில் நான் போகிறேன். கடலில் வாந்தி வரும் என்று பயந்து இத்தனை மாதத்தில் ஒருமுறைகூட அந்தப் படகில் ஏறியதில்லை. இந்த முறை ஏறுவேன். வாந்தி எடுத்துக்கொண்டாவது இரண்டு போத்தலையும் நிரப்புவேன்.