எல்லாப் பெட்டியிலும் இடது கண்ணாடி

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகும் பேருந்தில், எனக்கு முன் சீட்டில் ஒரே கம்பெனியின் அடையாள அட்டை போட்ட ஒரு அக்காவும் ஓர் இளைஞனும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அக்கா கேட்ட கேள்வியில்தான் என் தூக்கம் கலைந்தது.

“ஏன் தம்பி, நம்ம சைடு கண்ணாடி மாட்டுற காருக்கு ரைட் சைடுன்னு ஒண்ணு கீதா, இல்லியா?”

“இருக்குக்கா.”

“அப்புறம் இன்னாத்துக்கு அல்லா பெட்டிலயும் லெஃப்டுன்னு லேபிள் அடிச்சு வந்துச்சு? கஸ்டமர் லாரியைத் திருப்பி அனுப்பிட்டான். காலைலேர்ந்து அந்த லேபிளை நகத்தால சுரண்டிக்கினு கீறேன்.”

“லேபிளுக்குப் போற எக்ஸ்எம்எல் ஃபைல்ல ஒவ்வொரு கண்ணாடிக்கும் எந்தப் பக்கம்னு ஒரு குறிப்பு, அட்ரிப்யூட்டும்பாங்க, அது வேணும்னு கஸ்டமர் கேட்டான்க்கா. அந்த ஃபைலை மாத்துற எக்ஸ்எஸ்எல்டி புரோகிராம்ல எழுதி நாந்தான் சேர்த்தேன்.”

“நல்லா சேத்தே. அல்லாத்துக்கும் ஒரே பக்கம். சிக்கனம்தான். டெஸ்ட் பண்ணியா?”

“பண்ணேன்க்கா. ஒரு கண்ணாடி வச்சுப் பாத்தேன், சரியா வந்துச்சு.”

“எந்தக் கண்ணாடி?”

“லெஃப்டு.”

அக்கா தன் விரல் நகங்களைத் திருப்பிப் பார்த்தார்.

“சாயங்காலமே மாத்திட்டேன்க்கா. ரைட்டு கண்ணாடி வச்சு டெஸ்டும் பண்ணிட்டேன். இப்ப எல்லாமே ரைட்டுன்னு வருது.”

அக்கா போனை எடுத்து, நாளைக்குத் தனக்கு உடம்பு சரியில்லை என்று சூப்பர்வைசரிடம் சொன்னார்.